அவன் தாண்டிப் போன குஞ்சு

என் முத்து அக்காவுக்கு,

உன் வீட்டுக்காரரை உன் முன்னால் நான் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தில் அவன் என்றுதான் எழுதப் போகிறேன். உனக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொள்.

ஐப்பசியில் உனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன், படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். மூன்றாம் நாள் நான் போன் செய்தபோது உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகலயாக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு நாள் பாப்பம்னு சொல்றாக" என்றாய். அவன் இரண்டு நாள் பார்த்தான். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் தேவாரத்திலிருந்து தேனிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். டெங்கு என்றார்கள், ரத்த அணு இறங்கிவிட்டது என்றார்கள். மறுநாள் காலை நீ இல்லை.

மாட்டுக்கு உடம்பு சூடாக இருக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரை வீட்டுக்கு வரவழைக்கிறவன் அவன். உனக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் பார்த்தான்? இந்தக் கேள்வியை ஏழு மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

தை மாதம் ஒருநாள் போன் செய்தான். உன் பீரோவைக் காலி செய்ய வேண்டுமாம், சேலைகளை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். போனேன். உன் பொட்டைக்கோழி பின்வாசலில் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு குஞ்சு மட்டும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறக்கையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. கால்மாட்டில் எறும்பு வந்துவிட்டது. அவன் கை கழுவ வந்தவன், அதைத் தாண்டிப் போனான்.

"மச்சான், இந்தக் குஞ்சு கெடக்குதே."

"கெடக்கட்டும். ரெண்டு நாள் பாப்பம். பொழைக்கிறது பொழைக்கும்."

அக்கா, கேட்டாயா? அதே இரண்டு நாள். அதே வாய். எறும்பைத் தட்டிவிட்டு, நீ வீட்டில் கட்டுகிற ஊதா நூல்சேலையில் குஞ்சைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். "செத்ததத் தூக்கிட்டுப் போறியா?" என்று சிரித்தான். போடியில் ஒரு பஸ், தேனியில் ஒரு பஸ் மாறி, ஜெயமங்கலம் வந்து சேரும்வரை பைக்குள் கையை விட்டு அதன் நெஞ்சைத் தொட்டபடியே வந்தேன். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரக்கப்பட்டு எடுத்து வந்தேன் என்று நினைத்துவிடாதே. வீம்பு. அவன் சாகட்டும் என்று விட்டது என் கையில் பிழைக்க வேண்டும். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

தையல் நூல் வருகிற அட்டைப்பெட்டியில் தவிடு பரப்பி, அதன்மேல் உன் சேலையை விரித்தேன். சூடு வேண்டும், ஆனால் வீட்டில் இருப்பதெல்லாம் புது மாதிரி எல்இடி பல்பு. வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பெரியகுளத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் பரணிலிருந்து ஒரு பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டித் தந்தார். அதைப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயால் அலகோரத்தில் விட்டேன். முதல் இரண்டு சொட்டு வழிந்துவிட்டது. மூன்றாவதை விழுங்கியது.

மறுநாள் எச்சத்தில் ரத்தம். பெட்டியோடு தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். கன்றுக்குட்டியும் ஆடுமாக நின்ற வரிசையில் நான் ஒரு கைப்பிடிக் குஞ்சோடு நின்றேன். ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். டாக்டர் அம்மா என்னைவிடச் சின்னவர். அதைப் புரட்டிப் பார்த்து, அடிவயிற்றில் காய்ந்து ஒட்டியிருந்ததை வெந்நீர் தொட்டுத் துடைத்தார்.

"ரத்தக் கழிச்சல். இந்தப் பொடிய தண்ணியில கலந்து அஞ்சு நாள் குடுங்க. சூடு குறையவே கூடாது. நேரத்தோட கொண்டாந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா போயிருக்கும்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, தல சுத்துதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு என்னவென்று சொல்ல?

ஐந்து நாளும் நான் தையல் மெஷினில் உட்காரவில்லை. என் வீட்டுக்காரர், "ஒத்தக் குஞ்சுக்கு இம்புட்டுப் பாடா?" என்று கேட்டார், பிறகு அவரே குருணை புடைத்துத் தந்தார். மூன்றாம் நாள் எழுந்து நின்று விழுந்தது. நான்காம் நாள் வேகவைத்த மஞ்சள்கருவை என் விரலோடு சேர்த்துக் கொத்தியது. ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்து குதித்து, ஒரு ஜாக்கெட் துணிமேல் எச்சமிட்டுவிட்டு, ஏதோ நான்தான் தப்பு செய்தது போல என்னைப் பார்த்துக் கத்தியது. சிரித்தேன் அக்கா. நீ போன பிறகு முதல் தடவை. சிரித்த கையோடு ஆத்திரம்தான் வந்தது. ஐந்து நாள் போதுமாக இருந்திருக்கிறது, ஒரு உயிரைத் திருப்பிக் கொண்டுவர. உனக்கும் அதே ஐந்து நாள்தானே இருந்தது?

சித்திரையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். கார் வாசலில் நின்றது. ஆப்பிள், மிக்சர், பூ எல்லாம் வாங்கி வந்திருந்தான். போடியில் ஒரு பெண் பார்த்திருக்கிறானாம். மூத்த தாரத்தின் வீட்டு ஆள் நேரில் வந்து நல்லபடியாகச் சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவோம் என்று பெண்ணின் அம்மா சொல்லிவிட்டாராம்.

"ஒங்கக்கா விதி அம்புட்டுத்தான் சுந்தரி. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிரு, போதும்" என்றான். அந்த நேரம் அந்தக் குஞ்சு, இப்போது செம்பட்டை இறகோடு வளர்ந்து வெடைக்கோழியாகிவிட்டது, அவன் காலடியில் வந்து மேய்ந்தது.

"நல்ல சாதியா இருக்கே. எங்கன வாங்குன?"

"ஒங்க வீட்டுலதான் மச்சான்."

அவனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சிரித்துக்கொண்டு மிக்சரைத் தின்றான். அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். "வர்றேன் மச்சான்" என்றேன்.

போடியில் அந்த வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், முப்பது வயது இருக்கும். அறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுடைய அம்மா என் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, "நீங்க என்னம்மா சொல்றீக? ஒங்க வாயால கேட்டுக்கிர்றோம்" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. காய்ச்சலையும் சொன்னேன், குஞ்சையும் சொன்னேன்.

அவன் எழுந்துவிட்டான். "ஏய், என்ன பேசுற? காச்சல்ல ஊருல யாரும் சாகலையா?"

நிலையில் நின்றவள் என்னைப் பார்க்காமல் நேரே அவனைக் கேட்டாள்: "எத்தனாவது நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீக?"

"அவதான் வேணாம்னு..."

"எத்தனாவது நாள்?"

"அஞ்சு."

"வாசல்ல நிக்கிற கார் அப்பவே இருந்துச்சா?"

பத்துப் பேர் முன்னால், கையிலிருந்த கார்ச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா அவனுக்கு வைத்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

வெளியே வந்ததும், "ஒன்னையப் பாத்துக்கிர்றேன்" என்றான். "பாருங்க மச்சான்" என்றேன். போடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடை வாங்கி நின்றபடியே தின்றேன். அத்தனை ருசியாக நான் எதையும் தின்றதில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது.

ஆனால் பஸ் தேனியைத் தாண்டியதும் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் உன் குரலை நானும்தானே கேட்டேன்? தீபாவளிக்குப் பதினாறு ஜாக்கெட் தைக்கக் கிடந்தது. "ஞாயித்துக்கெழம வர்றேன்க்கா" என்று போனை வைத்துவிட்டேன். கிளம்பியிருந்தால் மூன்று மணி நேரம்தான். ஒரு குஞ்சுக்காக ஐந்து நாள் மெஷினை நிறுத்தத் தெரிந்தவளுக்கு உனக்காக ஒருநாள் நிறுத்தத் தெரியவில்லையே. அவனிடம் கேட்க நான் இருந்தேன். என்னிடம் இதை யார் கேட்பார்கள்? நீதான் கேட்க வேண்டும். நீ கேட்கவும் மாட்டாய். அதுதான் எனக்குத் தண்டனை.

அதற்காக அவன் தப்பித்துக்கொள்ள முடியாது. இப்போது கம்பம் பக்கம் பெண் தேடுகிறானாம், போன வாரம் காதுக்கு வந்தது. அவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட வேண்டியதில்லை. அவன் எந்த ஊரில் எந்த வீட்டுப் படி ஏறினாலும், அவனுக்கு முன்னால் நான் அந்த வீட்டுக்குப் போய், உன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். வயதாகித் தடி ஊன்றினாலும் போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
சுந்தரி