கியர் ஆயில் கூலரும் இவர் லீவும்

மே 11, ஞாயிறு
காலை ஏழு மணிக்கே வெயில் கொளுத்துது. சர்ச்சில் பூசை முடிஞ்சு திரும்பும்போது மெக்கானிக் அண்ணாச்சி எங்க காரை நிறுத்தி இவரிடம் கேட்டுட்டார்: "டீச்சர் வண்டி இப்ப சரியா ஓடுதா சார்? மார்ச்ல எட்டயபுரத்துக்கு முன்னாலயே நின்னு போச்சே."

கியர் ஆயில் சூடாகி, வண்டி இழுக்காமல், ரோட்டோரம் நான் தனியா. அப்போ இவர் கப்பல் வேலையில். இவரிடம் நான் சொல்லவே இல்லை.

முத்தையாபுரத்தில் வீட்டுக்குள் வந்ததும் இவர், "ஏன் சொல்லல?"

"நடுக்கடல்ல இருந்துக்கிட்டு என்ன செய்வீங்க?"

பானெட்டைத் திறந்து பார்க்கப் போயிட்டார்.

மே 12, திங்கள்
வண்டியை வித்துருவோம், நான் போற ஏரல் ஸ்கூலுக்கு ஆட்டோ பேசிடலாம் என்கிறார். எனக்கு இடது கால் போலியோ. கிளட்ச் மிதிக்க வராது. இந்த ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வந்த பிறகுதான் யாரையும் எதிர்பார்க்காமல் போறேன், வாரேன். அதை மட்டும் கேக்காதீங்கன்னேன்.

சாயங்காலம் போனில் எதையோ துருவிக்கிட்டே இருந்தார். கியர் ஆயிலைக் குளிர வைக்க தனிக் கூலர் இருக்காம். சின்ன ரேடியேட்டர் மாதிரி. ஆர்டர் போட்டாச்சு.

மே 15, வியாழன்
கூலர் வந்தது. ஒரு நோட்டு அகலம்தான். வாங்க வேண்டியவை:
ஆயில் ஹோஸ் (ரப்பர் குழாய்) 2 மீ.
கிளாம்ப் (குழாயை இறுக்குற வளையம்) 6
கியர் ஆயில் (வண்டி புக்கில் போட்டிருக்கிற அதே வகை)
உளுந்து, தேங்காய்

மே 16, வெள்ளி
முன் பம்பர் கழட்டியாச்சு. ரேடியேட்டருக்கு முன்னால் பட்டை வச்சு கூலரை மாட்டினார். ஆயில் ரேடியேட்டரில் இருந்து கூலருக்கு வந்து, அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பணும். எது திரும்புற குழாய்னு பார்க்கவே ஒரு மணி நேரம். கேலண்டர் பின்பக்கம் படம் போட்டு எனக்கும் பாடம்.

கடைசி கிளாம்ப் இருக்கிற இடத்தில் இவர் கை நுழையலை. கப்பலில் ஏணி வச்சு ஏறுற இன்ஜினைப் பார்க்கிற கை. "ஏளா, ஒன் கையைக் கொடு."

முறுக்கினேன். "இன்னும் கால் சுத்து. போதும், ஹோஸ் வெட்டிரும்." அப்படியே குனிஞ்சபடி, "அன்னைக்கு பயந்துட்டியா?"

"அழுதுட்டேன்."

என் நெற்றியில் ஒட்டியிருந்த ஆயிலைத் துடைக்கிறேன்னு இன்னும் பரப்பிவிட்டார்.

மே 17, சனி
ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிஷத்தில் தரையில் சிவப்பா கியர் ஆயில் சொட்டு. நான் முறுக்கின கிளாம்ப் இல்லை, இவர் முறுக்கினது. அவராகவே, "கப்பல்ல சீஃப் இன்ஜினியர் பாத்தா என் சர்ட்டிபிகேட்டைக் கிழிச்சிருவாரு" என்றார். சிரிச்சு வயிறு வலிச்சுது.

திரும்ப முறுக்கி, இன்ஜின் ஓடும்போதே அளவு பார்த்து, ஆயில் கொஞ்சம் ஊற்றினார். சொட்டு நின்னுருச்சு. பம்பரும் மாட்டியாச்சு.

மே 19, திங்கள்
புதன்கிழமை இவருக்குக் கப்பலேற மும்பை டிக்கெட். அதுக்குள்ள ஓட்டிப் பார்க்கணும். மதியம், ஏசி போட்டு, எட்டயபுரம் போய்வர. இவரும் ஏறி உட்கார்ந்தார்.

"இறங்குங்க. அடுத்த மாசம் பக்கத்துல இருக்க மாட்டீங்கள்ல."

சீட் பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கினார்.

மார்ச்சில் நின்ன அந்த இடம் வந்தப்போ, கியர் ஆயில் சூடானா எரியிற விளக்கைப் பார்த்துக்கிட்டேன். வண்டி ஒண்ணும் செய்யலை. எட்டயபுரத்தில் டீ குடிச்சேன். கீழே குனிஞ்சு பார்த்தேன், சொட்டு இல்லை. போன் போட்டு "விளக்கு எரியல" என்றேன். "சரி" மட்டும்தான் வந்தது.

திரும்பினப்போ தெருமுனையில் நிக்கார். பக்கத்து வீட்டு அக்கா, "நீங்க கிளம்புனதுல இருந்து இங்கனதான் நிக்காரு டீச்சர்."

வீட்டுக்குள் வந்து சொன்னார்: "இனிமே வண்டி எங்க நின்னாலும் எனக்குச் சொல்லு. நடுக்கடல்னாலும்."

"சொல்லுதேன். நீங்களும் சொல்லணும்."

இவர் மெதுவா, "நவம்பர்ல நாலு நாள் சிக்னல் இல்லன்னேன்லா. அப்ப கப்பல் இன்ஜின் ரூம்ல தீ."

சின்னத் தீதானாம். சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். முதல்ல இருந்து சொல்லுங்க என்றேன்.