கடல் இருக்கும் பக்கம்

இன்று காலையும் உன் குரலோடுதான் வேலையைத் தொடங்கினேன். நாம் கோமாரியில் எடுத்த முதல் வீடியோ. மீன்பிடிக்காரர் ஒருவர் சாரனை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். நீ படத்தில் இல்லை. கமராவுக்குப் பின்னாலிருந்து உன் குரல் மட்டும் வருகிறது: "கைய அதுட பாட்டுல உடுங்க வாப்பா. சும்மா கதைங்க." அவர் சிரிக்கிறார். கை வெளியே வருகிறது.

எல்லாப் பதிவுகளையும் இந்த வசனத்தோடுதான் தொடங்குவாய். ஆய்வுக்கு வேண்டாத பகுதிதான், ஓட்டிவிட்டுப் போகலாம். நான் ஓட்டுவதில்லை. நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "உங்கட தோழியின்ட பங்கையும் சேத்துச் சீக்கிரம் முடிச்சிருங்கோ" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். நியாயமான பேச்சைக் கேட்டாலே இப்போது எரிச்சல் வருகிறது.

நான் காரைதீவு, நீ கல்முனைக்குடி. முதுகலை ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரே மேசை கிடைத்தது. தலைப்பைச் சொன்னால் வீட்டில் சிரித்தார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளைப் பற்றிக் கதைக்கும்போது ஆட்களின் கை என்ன செய்கிறது, குரல் என்ன செய்கிறது, அதனால் சொல்லின் பொருள் எப்படி மாறுகிறது. இதற்கும் ஒரு பட்டமா என்று கேட்டார்கள். கை உன் பங்கு, ஒலி என் பங்கு. "தண்ணி இவ்வளவு வந்த" என்று ஒருவர் சொன்னால், அந்த 'வளவு' எத்தனை நீளம் இழுபடுகிறது என்று நான் அளப்பேன். அந்த இழுவை முடிகிற இடத்தில் கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று நீ பார்ப்பாய். "நீ காதால பாக்கிறாய், நான் கண்ணால கேக்கிறன். ரெண்டு பேரயும் சேத்தாத்தான்கா ஒரு முழு ஆள்" என்பாய்.

முதலில் கண்டுபிடித்தது நீதான். நம் ஆட்களின் கை திசை தவறுவதில்லை. நாலு பக்கமும் சுவர் அடைத்த அறைக்குள், எந்தப் பக்கம் பார்த்து இருந்தாலும், "கடல் வந்த" என்று சொல்லும்போது கை கிழக்கிலிருந்துதான் வந்தது. சாகாமத்தில் வயற்காரர்கள் குளத்தைச் சொல்லும்போதும் அப்படித்தான். நீ போனில் திசைகாட்டியைத் திறந்து சரிபார்ப்பாய், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்படுவாய். இன்னொன்றும் கவனித்தாய். யாரும் இடக்கையால் காட்டவில்லை. பிள்ளையை வலப்பக்கம் தூக்கியிருந்த ஒரு தாய், அதை இடுப்பு மாற்றி வைத்துவிட்டு வலக்கையால் கடலைக் காட்டினா. இடக்கையால் காட்டுவது மரியாதை இல்லை.

உன் வாப்பாவையும் அந்தக் கடல்தான் கொண்டுபோனது. நீ அதைப் பற்றிக் கதைத்ததில்லை. உம்மாவிடம் ஒருமுறை மட்டும் கமராவோடு போய் உட்கார்ந்தாய். "என்ட கை ஒண்டும் சொல்லாது, போ" என்று உம்மா அடுப்படிக்குப் போய்விட்டா. பிறகு நீ கேட்கவில்லை.

கருத்தரங்குக்காக நாம் முதன்முதலாகக் கொழும்புக்குப் போனது நினைவிருக்கிறது. கடற்கரையில் நின்று, தங்குமிடம் வடக்கே இருக்கிறது என்று என்னை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தாய். அரை மணி நேரம் வெயிலில் அலைந்த பிறகுதான் உனக்கு உறைத்தது. நமக்குக் கடல் என்றால் கிழக்கு. கொழும்பில் கடல் மேற்கில் கிடக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு போனில் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து மறுபடியும் சிரித்தாய். "ஊர்ல கடலுக்கு முதுகு காட்டித் தொழுற ஆக்கள் நாங்க. இஞ்ச கடலப் பாத்துத் தொழணும், புள்ள. நல்லவேள பாத்த!"

அந்தச் சிரிப்புத்தான் பிறகு எனக்கு உதவியது. உனக்கு முழுதாக உதவவில்லை.

பாரிசவாதம் வருகிற வயசா உனக்கு? மூளையில் இரத்தம் அடைத்ததாம். ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து இரவோடு இரவாகக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, கடலோரத்துக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் கிடந்தாய். பேச்சு இல்லை. வலப்பக்கம் முழுக்க இல்லை. இடக்கை மட்டும் மிச்சம், அந்தக் கையில்தான் சேலைன் ஏறியது. அந்தக் கையைப் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

ஊர் ஊராகப் போய் ஆட்களின் கைகளுக்கு விடுதலை கொடுத்த உன் கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

"ஊசி கழண்டிடும் எண்டு நர்ஸ் மிஸ்தான் கட்டின" என்றார் உன் அண்ணன், நாம் காக்கா என்று கூப்பிடுகிறவர். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது. "சும்மா கிடக்கிறா இல்ல. எந்நேரமும் ஜன்னலக் காட்டிக் காட்டி அழுறா. கடலக் கண்டு பயந்திட்டா போல. வாப்பாட நினைவு வந்திருக்கும். அதான் திரையையும் மூடிட்டம்."

நீயா கடலுக்குப் பயப்படுகிறவள்?

உம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் துணியை விரித்துத் தொழத் தயாராக நின்றா. மூடிய திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. உன் கண் உம்மாவின் மேல் இருந்தது. கட்டுக்குள் விரல்கள் துடித்தன.

கட்டை அவிழ்க்கலாமா என்று தாதியிடம் கேட்டேன்; வேண்டாம் என்று தலையாட்டினா. காக்காவிடம் திரும்பி, "கைய அதுட பாட்டுல உடுங்க காக்கா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது உன் வசனம். அவர் தானே குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

கை எழும்பியது. முதலில் ஜன்னல். பிறகு உம்மா. பிறகு மணிக்கட்டு ஒரு வட்டம் போட்டது, சாகாமத்து வயற்காரர் உழவு மெஷினை வரப்போரம் கிறுக்கித் திருப்புவதைச் சொன்னபோது போட்ட அதே வட்டம். உம்மா பதறி, "இடக்கையால காட்டாத மகள்" என்று அதைப் பிடித்துத் தாழ்த்தப் பார்த்தா.

"உம்மா, கிறுகி நில்லுங்க" என்றேன். "கொழும்பில கடல் மேற்குப் பக்கம். நீங்க ஊர் நினைப்பில கடலுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறீங்க. அவ அதத்தான் சொல்றா."

உம்மா திரையைத் திரும்பிப் பார்த்தா. "யா அல்லாஹ், ரெண்டு நாளா நான் எந்தப் பக்கம் பாத்துத் தொழுத?" காக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் தெருமுனைப் பள்ளியில் தொழுதுவிட்டு வருகிறவர், உம்மா தொழும்போது பக்கத்தில் நின்றதில்லை. "தெரியாமச் செஞ்சதுதானேம்மா, அல்லாஹ் ஏத்துக்குவான்" என்று அவர் சொல்லச் சொல்ல, உம்மா துணியைச் சுருட்டித் திருப்பி விரித்தா. நீ சிரித்தாய். முகத்தில் பாதி சிரித்தது, பாதி சும்மா இருந்தது. அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்து, நீ பிழைத்துவிடுவாய் என்றே நான் நம்பினேன்.

உம்மா தொழுதுகொண்டிருக்கும்போதே உன் கை திரும்பவும் எழும்பியது. இந்த முறை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வெறும் சுவர். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் சுவரை நோக்கி இரண்டு தரம் தள்ளின. களவேலை முடிந்து, பற்றரி தீர்ந்து, பசியோடு நிற்கும்போது நீ எனக்குக் காட்டுகிற சைகைதான் அது. வீட்ட போவம். சுவருக்கு அப்பால் கிழக்கே நம் கடல் இருந்தது.

காக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் விளங்காமலா இரிக்கி? டொக்டர் ஏலா எண்டிட்டார். மலை வழியால கொண்டுபோய் இடையில ஏதும் நடந்தா, நான் உம்மாக்கு என்னத்தச் சொல்ற?" அவர் பிழையாக எதுவும் சொல்லவில்லை. தாதி வந்து புரண்டிருந்த ஊசியைச் சரிசெய்து, கையைத் திரும்பவும் கட்டினா. நீ திமிறவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் விடியும் முன்னே முடிந்துவிட்டது. ஏலாது என்ற அதே மலை வழியால்தான் உன்னைக் கொண்டுவந்தோம். வீட்டில் பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு எனக்கு முகத்தைக் காட்டினார்கள். கைகள் துணிக்குள் இருந்தன. ஆண்கள் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள், நானும் உம்மாவும் வாசலோடு நின்றோம்.

தன்னை விளங்கிக்கொள்ள யாரும் இல்லாததுதான் மனிதருக்கு வருகிற பெரிய தனிமை என்று நம் முன்னுரையில் ஒரு வரி எழுதியிருந்தோம். இரண்டு பேரும் ரசித்து எழுதியது. அதை வெட்டிவிட்டேன். உன்னை எனக்கு விளங்கியது, உன் காக்காவுக்கும் விளங்கியது. விளங்கி என்ன செய்தோம்?

போன வெள்ளிக்கிழமை உம்மாவைப் பார்க்கப் போனேன். ஆய்வுக் கமரா பையில் இருந்தது, நிந்தவூரில் ஒருவரைப் பதிவு செய்துவிட்டு வந்த வழி. பக்கத்து வீட்டு மாமியும் வந்திருந்தா. உம்மா, நீ போன பிறகு முதல் தடவையாக, ஆஸ்பத்திரி வாட்டில் நடந்ததை அவவுக்குச் சொல்லத் தொடங்கினா.

"பேச்சில்லாமக் கிடந்தும் என்ட மகள் என்னக் கிறுக்கி உட்டா. ஜன்னலுக்கு அங்கால கடல் இரிக்கி, அதக் காட்டினா. இப்படிக் காட்டினா..."

உம்மாவின் கை எழும்பியது. வீட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், நம் கடல் இரைந்துகொண்டிருந்தது. கை அந்தப் பக்கம் போகவில்லை. மாமியின் தலைக்கு மேலால், மேற்கே, வயலையும் மலையையும் தாண்டி அந்த வாட்டின் ஜன்னலைக் காட்டியது.

"கடல் இஞ்சாலதானே இரிக்கி" என்று மாமி திருத்தினா. உம்மாவுக்கு அது கேட்கவில்லை. காட்டியது இடக்கை என்பதும் தெரியவில்லை. "இப்படித்தான், இப்படித்தான்" என்று திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே அழுதா.

நீ கேட்டுக் கிடைக்காத பதிவு அது. நம் ஆய்வில் அதைவிட நல்ல சான்று இல்லை. நான் பையைத் திறக்கவில்லை. உம்மாவின் கையை அதன் பாட்டில் விட்டேன்.