சங்கத்தின் சேமிப்பும் உன் தம்பியும்

அன்பு மகளுக்கு,

நானும் தம்பியும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். உனக்கு இருமல் நின்றதா?

நம் பெற்றோர் சங்கத்தின் வருடக் கணக்கை முடித்துவிட்டேன். பொருளாளர் ஆனதிலிருந்து மிச்சம்பிடித்து, டீச்சருக்கும் ஆயாவுக்கும் ஒரு வருடச் சம்பளம் கொடுக்கிற அளவு வங்கியில் போட்டு வைத்திருக்கிறேன், அதற்காக எனக்கு இரும்புப்பெட்டி என்று பேர் வைத்தார்கள். நன்கொடை நின்றாலும் தம்பி மாதிரி மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகள் பகலில் இருக்கும் அந்த இரண்டு அறைகள் மூடக்கூடாது, அவ்வளவுதான். நமக்குப் பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து வந்தவர் கணக்கைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். இவ்வளவு கையில வச்சுக்கிட்டு எங்ககிட்ட ஏம்மா கேக்கறீங்க என்றார். அடுத்த வருடம் கிடையாதாம். தலைவர், அதான் அந்தத் தையல்காரர், எரிந்து விழுந்தார். உங்க சிக்கனம் நம்மள நடுத்தெருவுல நிறுத்திடுச்சும்மா, பேசாம ஒரு வேன் வாங்கி எல்லாத்தையும் காலி பண்ணுவோம், கை காலியா இருந்தாத்தான் கொடுப்பாங்க என்கிறார். மற்ற பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். வேன் வேண்டியதுதான். தம்பியோடு இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் என் முட்டி கழன்றுவிடுகிறது. ஆனால் காலி செய்த பிறகும் அவர்கள் தராவிட்டால்? அடுத்த மாதம் பொதுக்குழு. காசோலையில் என் கையெழுத்து வேண்டும்.

இன்று காலை தம்பி பல் துலக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாடியெல்லாம் நுரை. தாடியில் ஒன்றிரண்டு நரை. எனக்குப் பிறகு என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சேமிப்பைத்தான் நினைத்திருக்கிறேன். உன்னை நினைக்கவில்லை. பயந்தேன். கேட்டால் நீ சரி என்பாய், தெரியும். சரி என்பதற்கு முன்னால் ஒரு கணம் பேசாமல் இருப்பாய். அந்த ஒரு கணத்தை போனில் என்னால் கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பிறகு அவனை நீ பார்த்துக்கொள்வாயா? உண்டு என்றால் வேனுக்குத் துணிந்து கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் போட மாட்டேன், யார் என்ன சொன்னாலும். இரண்டில் எதுவானாலும் உன்மேல் எனக்கு வருத்தம் வராது. வந்தாலும் காட்ட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், அவரிடமும் பேசிவிட்டு எழுது. பொதுக்குழுவுக்கு முன்னால் பதில் வரட்டும். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

அம்மா