கொழும்புக்குக் காட்டவேண்டிய கலியாணம்

12 மார்ச் 1936, வியாழன்

இன்றைய தபாலில் ஒரு புதினமான செய்தி. முப்பத்துமூன்று வருடமாக இவருக்குச் சோறு போட்டுவருகிற நான் இவருடைய பெண்சாதி என்பதற்கு அத்தாட்சி இல்லையாம். கொழும்புப் பென்சன் கந்தோர் எழுதியிருக்கிறது.

நெஞ்சுநோ கண்டபிறகு டாக்குத்தர் இவரிடம், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபண்ணி வையும் என்றார். அதனால்தான், 'நான் போனால் பூரணத்துக்கு விதவைப் பென்சன் வருமா' என்று இவர் போன மாதம் கேட்டு எழுதினார். கலியாணப் பதிவுத்துண்டை அனுப்பும் என்று பதில். பதிந்தால்தானே துண்டு இருக்க! அரசாங்கக் கந்தோரில் தலைமை லிகிதராக இருந்து, ஊராருடைய பிறப்பு இறப்பையெல்லாம் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்த சோமசேகரம் என்ற மகான் தன் கலியாணத்தைப் பதியவில்லை.

"எங்கடை கலியாணத்துக்கு ஊரே சாட்சி. பதியிறது சேர்ச்சுக்குப் போற வேதக்காரற்றை வேலை" என்று அந்தக்காலத்தில் சொன்னவர். இப்போது ஊரைத் தபாலில் அனுப்பட்டும்.

13 மார்ச்

உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் விதவை நிதிக்கென்று மாதாமாதம் இவர் சம்பளத்தில் பிடித்தார்களே, அப்போது நான் யார்? எடுக்கும்போது பெண்சாதி. கொடுக்கும்போது யாரோ ஒருத்தி.

16 மார்ச், திங்கள்

நான் ஒரு யோசனை சொன்னேன். இப்போது போய்ப் பதிவோம், மகள் குணலட்சுமி தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தாய் தகப்பன் கலியாணம் பார்க்க வரட்டும் என்று. இவர் சிரிக்கவில்லை. இரண்டு பேருமாகச் சட்டம் தெரிந்த நவரட்ணம் பிரக்கிராசியிடம் போனோம்.

"ஐயோ அம்மா, அந்தப் பிழையை மட்டும் செய்திடாதேங்கோ" என்றார் அவர். "பென்சன் எடுத்தபிறகு செய்யிற கலியாணத்துக்கு ஒண்டும் குடுக்கமாட்டினம். பழைய கலியாணம் நடந்தது எண்டு காட்டவேணும். கண்ணாலை கண்ட ஆள் ஒருத்தர் வந்து சத்தியக் கடுதாசி குடுக்கவேணும். சொந்தக்காரர் சரிவராது."

திரும்பும்போது மருதனார்மடத்தில் வண்டியை நிறுத்தி வெற்றிலை வாங்கினேன். கலியாணமாகாத பெண் வெற்றிலை போடலாமோ என்று இவரிடம் கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

19 மார்ச்

யார் யார் கலியாணத்துக்கு வந்தது என்று யோசித்துப் பார்த்தோம். தாலி எடுத்துக்கொடுத்த குருக்கள் சிவபதம் அடைந்துவிட்டார். மேளக்காரரும் அப்படியே. நாவிதன் கண்டிப் பக்கம் போனவன் போனவன்தான். உயிரோடு இருக்கிற மற்றவர்கள் எல்லாம் சொந்தக்காரர். மிச்சம் ஒரே ஆள் — பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டி, மாப்பிள்ளை நடந்துவர நிலபாவாடை விரித்த சலவைக்காரன் ஏரம்பு.

அந்தப் பெயரைச் சொன்னதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்! பத்து வருடத்துக்கு முன் ஏரம்பு தன் மகனுடைய பிறப்புத்துண்டுக்காக இவர் கந்தோருக்கு மூன்றுதரம் நடந்தான். மூன்றுதரமும் பதிவு இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் போனது. "கடுதாசி இல்லாட்டி ஆளே இல்லை" என்று அவனுக்குச் சொன்னதை வீட்டுக்கு வந்தும் பெருமையாகச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு தோசை சுட்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

23 மார்ச்

"நீர் ஒருக்கால் போய்க் கதையுமன்" என்கிறார். நான் ஏன் போக? நான்தான் இவருக்கு ஒருவரும் இல்லையே.

26 மார்ச்

கடைசியில் போனார். எனக்கும் பொறுக்கவில்லை, கூடப் போனேன். ஏரம்பு வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றான். இவர் தொண்டையைச் செருமிச் செருமி ஒருவாறு விஷயத்தைச் சொன்னார். அவன் கையிலிருந்த வேட்டியை உதறி விரித்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"கடுதாசி இல்லாட்டி ஆள் இல்லையெண்டு ஐயாதானே சொன்னவர்?"

"ஓம், சொன்னனான். பிழைதான்" என்றார் இவர்.

பிழை! இந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது இதுதான் முதல்தரம்.

"நாச்சியாருக்காக வாறன்" என்று என்னைக் காட்டிச் சொன்னான் ஏரம்பு.

4 ஏப்ரல், சனி

பிரக்கிராசியின் அறையில் மூன்றே மூன்று கதிரை. ஏரம்பு வழக்கம்போல வாசலில் நின்றான். இவர் எழும்பித் தன் கதிரையை இழுத்துவிட்டு, "இதிலை இரும்" என்றார். அவன் பயந்துபோனான். நானுந்தான். முடியும்வரை இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்ன ஞாபகம் இருக்கிறது என்று நவரட்ணம் கேட்டார்.

"அண்டைக்கு மழை. மாப்பிள்ளை ஐயா சேத்துக்காலோடை நிலபாவாடையிலை மிதிச்சவர். மூண்டுதரம் வெளுத்தும் கறை போகேல்லை. பொம்பிளை அதைப் பாத்துச் சிரிச்சவ."

சிரித்தேனா? எனக்கு ஞாபகமே இல்லை. இவரைப் பார்த்தேன். "ஓம், சிரிச்சவதான்" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முப்பத்துமூன்று வருடம் இதை மனதில் வைத்திருந்த மனிதர் என்னிடம் ஒருநாளாவது சொன்னாரா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏரம்பர் பெருவிரல் வைத்தார். ஏரம்பர் என்று கை தானாகவே எழுதுகிறது. இருக்கட்டும்.

11 மே

பெருவிரல் அடையாளம் மங்கல் என்று கொழும்பு எழுதியிருக்கிறது. திரும்ப வைத்து அனுப்பட்டுமாம். நல்லகாலம், விரலை வெட்டி அனுப்பச் சொல்லவில்லை.

2 ஜூன்

திரும்ப வைத்து அனுப்பியும் பதில் இல்லை. இவர் நாள்தோறும் தபால்காரனுக்காக வாசல் படலையடியில் நிற்கிறார். வெயிலுக்கை நிக்காதேங்கோ எண்டால் கேட்டால்தானே! "உம்மடை அலுவல் முடியட்டும், பிறகு கதிரையிலை இருக்கிறன்" என்கிறார்.

18 ஜூன், வியாழன்

இவர் போயிட்டார். காலை பத்துமணி. படலையடியிலை.

14 ஜூலை, செவ்வாய்

கொழும்பிலிருந்து இவர் பேருக்குக் கடிதம். தங்கள் கலியாணம் ஒப்புக்கொள்ளப்பட்டது, பூரணம் தங்கள் சட்டபூர்வமான மனைவியே என்று அறியத்தருகிறோம் — இப்படி. கொஞ்சம் முந்தி அறியத்தந்திருந்தால் அந்த மனிதர் ஒருநாளாவது கதிரையில் இருந்திருப்பார். அவருக்கு வாசித்துக் காட்டவும் வழியில்லை. என்ன செய்ய நான்?

கூடவே நான் நிரப்பி அனுப்ப ஒரு படிவம். பெயர், ஊர், பிறகு 'மனைவி / விதவை — பொருந்தாததை வெட்டுக' என்று ஒரு வரி.

பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு 'மனைவி' என்பதை வெட்டினேன். கோடு கோணலாகப் போய்விட்டது. வேறு படிவம் கேட்டால் இன்னும் மூன்று மாதம் செல்லும். அப்படியே தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.