பெட்டி ஆமையின் சீட்டு

14 ஜூலை 1992, இரும்புலியூர்

சார் திருத்திக் கையெழுத்துப் போடும் ரெக்கார்டு நோட்டில் இதையெல்லாம் எழுதுவது தப்புதான். கண்ணை மூடினால் அந்த ஆமை வருகிறது.

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில், பதப்படுத்திய ஆமை இருந்த பழைய ஜாடிக்கு ஸ்பிரிட் மாற்றினேன். சீட்டில் ‘குளத்து ஆமை’ என்றிருந்தது. ஆமையைத் துடைக்கும்போது என் விரல் அழுத்தியதில் வயிற்று ஓடு குறுக்கே கதவுபோல் மடங்கி, மெல்ல மூடிக்கொண்டது. உள்ளே போய்த் தூங்குவதுபோல.

“சார், இது பெட்டி ஆமை. நம்ம பக்கம் கிடைக்காது.”

“நீ வாயைத் தொறந்து இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்.” துறைத் தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். “ஆமா, அசாம் பக்கத்து அபூர்வ இனம். இத்தனை வருஷமா யாரும் பாக்கல.”

கண்டறிந்தவர் பெயரைச் சீட்டில் எழுதுவது வழக்கம். புதுச் சீட்டில் அவர் தன் பெயரை எழுதினார். நான்தான் மையை ஊதி உலர்த்தினேன்.

எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் ரேஷன் கார்டைத் தாண்டியதில்லை.

சார், அந்தச் சீட்டில் என் பெயரை எழுதுங்கள்.