பக்கத்து சீட்

ஆகஸ்ட் 4, 2025
கள்ளக்குறிச்சி லேப் வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் இன்றும் மூச்சு முட்டும் கூட்டம். என் பக்கத்து சீட் மட்டும் காலி. நிற்கிற பெண்கள், உட்கார்ந்திருப்பவர் மடியில் பையோ குழந்தையோ திணிப்பது வழக்கம். முன்பின் தெரிய வேண்டியதில்லை. என் மடியில் யாரும் எதையும் வைத்ததில்லை. சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் பாப்பாத்தியக்காகூட கனத்த பையோடு நின்றே வருகிறார்.

அப்பா கானாவிலிருந்து படிக்க வந்தவர். என் நிறமும் சுருள்முடியும் அவருடையவை. வாய் மட்டும் என் சின்னசேலத்து அம்மாவுடையது.

ஆகஸ்ட் 5
பின் சீட்டிலிருந்து ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் செல்போனில் வீடியோ எடுத்தான். "ஒரிஜினலாடா? நல்லா இழுத்துப் பாரு!" பஸ் முழுக்கச் சிரிப்பு.

"உங்க வூட்டுப் பொண்ணு முடிய இப்படி இழுப்பியாடா?" என்று கத்தினேன்.

"டேய், நைஜீரியா தமிழ் பேசுதுடா!"

சின்னசேலத்தில் வளர்ந்தது வேறு என்ன பேசும்? ச்சே. விட மாட்டேன்.

ஆகஸ்ட் 6
போலீஸ் ஸ்டேஷன். ரைட்டரின் முதல் கேள்வி: "பாஸ்போர்ட் எங்க?"

"ஆதார் இருக்குதுங்க சார். பொறந்தது இந்த ஊர்லதான்."

"சின்னப் பசங்க, வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பானுங்க. வுட்டுடும்மா."

மூன்று மணி நேரம் பெஞ்சை விட்டு எழவில்லை. மனு ரசீதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் சாட்சி வேண்டுமாம்.

ஆகஸ்ட் 8
பாப்பாத்தியக்காவிடம் கேட்டேன். அவர் கண் முன்னால்தான் நடந்தது. "எனக்கு இன்னாத்துக்குமா வம்பு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"ஜூலியா, வேற பஸ்ல போடி," என்கிறாள் அம்மா. எதற்கு? இழுத்தவன் மாறட்டும்.

ஆகஸ்ட் 11
அதே பஸ். அதே சீட்.

ஆகஸ்ட் 13
மடியில் திடீரென்று ஈரமாக ஒரு கனம். கீரைப் பை. "நவுந்து குந்துமா," என்று பாப்பாத்தியக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எம்பொண்ணு செல்லுல அந்த வீடியோவக் காட்டுச்சு. அதுல நானும் சிரிச்சிக்கினு இருக்கேன்."

சரிந்த கீரைப் பையை மடியில் நேராக்கிக்கொண்டேன்.

"ஸ்டேஷனுக்கு எங்க எறங்கணும்? எழுதிக் குடுத்துட்டு சந்தைக்குப் போறேன்."

என் வெள்ளை லேப் கோட்டு முழுக்கக் கீரைத் தண்ணீர். ஸ்டேஷன் வாசல் வரை பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.