ஏழாவது எபிசோடுக்கு நீங்கள் சொன்ன கருத்து

அப்பா,

இன்று மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. அதனால்தான் கைபேசியின் சத்தம் காதில் விழுந்தது. நம் தொடரின் ஒன்பதாவது எபிசோட் வந்துவிட்டதாம். நீங்கள் போய்ப் பத்து நாளாகிறது. சனிக்கிழமை எபிசோட் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

இந்த அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பைத்தியத்தை உங்களுக்குப் பிடிக்க வைத்தவள் நான்தான். போன வருஷம் கால் முறிந்து குமாரபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் படுத்திருந்தீர்கள். பொழுது போகட்டுமென்று தமிழில் பேசும் ஒன்றைப் போட்டுவிட்டேன். "இது சின்னப் புள்ளைக பாக்கறது சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், மூன்றாம் நாள் நான் தறிப்பட்டறையிலிருந்து வருவதற்குள் இரண்டு எபிசோட் திருட்டுத்தனமாகப் பார்த்து மாட்டிக்கொண்டீர்கள்.

ஜேடர்பாளையம் திரும்பிய பிறகும் அது விடவில்லை. தறிச் சத்தத்தில் போன் மணி எனக்குக் கேட்காது என்பதால் வாய்ஸ் மெசேஜில்தான் உங்கள் கருத்துகள் வரும். எபிசோடைப் பார்க்காமல் மெசேஜைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் நீங்கள்தான். "பாக்காம கேட்டீன்னா ருசி போயிரும்" என்பீர்கள்.

இந்தத் தடவை வந்த கதை உங்களுக்கென்றே எழுதியது போலிருந்தது. மலையூர் ஒன்றின் ஆற்றை அரக்கன் மறித்துக்கொள்கிறான். அண்ணனும் இரண்டு தங்கைகளும் ஆற்றைத் தேடிப் போகிறார்கள். வாழைக்குத் தண்ணீர் கட்டியே வயதான மனிதருக்கு வேறென்ன வேண்டும்? நான்காவது எபிசோடில் அந்த அண்ணன் திடுதிப்பென்று அரக்கனோடு சேர்ந்துகொண்டான். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "கதை எழுதறவனுக்கே போக்குத் தெரியலீங்கப்பா, இது இனித் தேறாது" என்றேன். நீங்கள் விடவில்லை. "கதிரு புடிக்கறதுக்கு முன்னாடியே காட்டை அழிப்பாங்களா? அண்ணங்காரன் திரும்பி வருவான், பாத்துக்கிட்டே இரு."

ஒரு கார்ட்டூனுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டோம். அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. ஆர்டர் நெருக்கடி என்று சாக்குச் சொன்னேன். ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று மெசேஜ்கள் கேட்கப்படாமலே கிடந்தன. நான் பிடித்த பிடியை விடாதவள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஏழாவது வந்த பிறகு, திங்கட்கிழமை மத்தியானம் நீங்கள் கூப்பிட்டபோது சாப்பாட்டு நேரம் என்பதால் எடுத்துவிட்டேன்.

"நான் அனுப்புனதக் கேட்டியா சாமி?"

"கேட்டேனுங்கப்பா" என்றேன். இல்லையென்றால் மறுபடியும் அந்த அண்ணன்காரன் புராணம் ஆரம்பமாகுமே என்று வாயில் வந்த பொய். "செரி சாமி, சோலியப் பாரு" என்று வைத்துவிட்டீர்கள்.

புதன்கிழமை காலையில் வாழைத் தோட்டத்தில் விழுந்துகிடந்தீர்கள்.

காரியம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகுதான் மூன்றையும் வரிசையாகக் கேட்டேன். ஏழாவதில் நாலு நிமிஷம் அந்த அண்ணனுக்காக வாதாடுகிறீர்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்பறம், ரெண்டு நாளா நெஞ்சுக்குள்ள என்னமோ புடிச்சாப்பல இருக்குது. அம்மாகிட்டச் சொல்லல, பயந்துக்குவா. நீ ஒரு எட்டு வந்தீன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாம். அவசரமில்ல சாமி" என்கிறீர்கள்.

ஒரு மணி நேரத்து வழி அப்பா. பள்ளிபாளையம் தாண்டிவிட்டால் வண்டி பறந்திருக்கும். மகள் கேட்டுவிட்டாள், கேட்டும் வரவில்லை என்றுதானே திங்களும் செவ்வாயும் கிடந்திருப்பீர்கள்? சாவைக்கூட எப்படியாவது தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க எனக்கு வழி தெரியவில்லை.

பார்க்காமல் விட்டதையெல்லாம் இப்போது பார்த்துவிட்டேன். ஒன்பதிலும் அவன் திரும்பி வரவில்லை. கதை நான் சொன்ன மாதிரியே நாசமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளக்கூட ஆளில்லை.

அந்த ஏழாவது மெசேஜைத் தினமும் கேட்கிறேன். நீங்கள் "அப்பறம்" என்று ஆரம்பிக்கும்போது நிறுத்திவிடுகிறேன். அதுவரைக்கும் உங்களுக்கு ஒன்றுமில்லை அப்பா. நான் வந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.